அல்சூர் அம்மாவுக்கு: உங்கள் பெண் கேட்ட கேள்வியை விட்டுவிடாதீர்கள்

வணக்கம் அம்மா. நேற்று மகளோடு வந்து, நீட் மதிப்பெண்ணைச் சொல்லிச் சொல்லிக் கலங்கினீர்கள். கிளம்பும்போது அவள் கேட்டது காதில் விழுந்ததா? "மாரடைப்புக்கு ரத்தத்தில் டிரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்கிறார்களே, தாத்தாவுக்கு வந்த பக்கவாதத்துக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு டெஸ்ட் இல்லை?" ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்புதான்.

ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாக மோதிப் பார்க்கும் கேள்வி அது. ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதம் எவ்வளவு கடுமை என்பதை, கை கால் அசைவும் பேச்சும் பார்த்து 0 முதல் 42 வரை மதிப்பெண் போட்டு, ஸ்கேனோடு சேர்த்துத்தான் இன்றும் கணிக்கிறார்கள். ரத்தத்திலும் தடயம் உண்டு. நரம்பிழை சிதைந்தால் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் கசிகிறது. சேதம் பெரிதானால் அளவும் கூடுகிறது. ஆனால் அது நன்றாக ஏற நாட்கள் பிடிக்கும். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியையோ பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

என்.எஸ்.இ. (நியூரான் ஸ்பெசிஃபிக் இனோலேஸ்) என்று இன்னொரு புரதம். நரம்பணுவில் இருப்பது, சிவப்பணுவிலும் இருக்கிறது. சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணு உடையும். ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரம், வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டியது, ரோஸ் நிறமாகிவிடும். மூளை நன்றாக இருந்தாலும் அளவு ஏறிக் காட்டும். அந்த ரோஸ் நிறத்தை முதலில் பார்த்து, "இந்த சாம்பிள் வேண்டாம்" என்று ஒதுக்குபவர் லேபில் நிற்பவர்தான். உங்கள் பெண்ணை நான் அங்கே பார்க்கிறேன்.

பி.எஸ்சி. உயிர்வேதியியலுக்கு நீட் தேவையில்லை. பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, நம்ம பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் (இந்திய அறிவியல் கழகம்) எம்.எஸ்சி.யும் ஆராய்ச்சியும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு முயலலாம். இல்லையென்றால் எம்.எஸ்சி. முடித்து ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். ஓசூர் ரோட்டில் இருக்கும் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் நரம்பு வேதியியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. ஒன்றை மறைக்க மாட்டேன்: இந்த எம்.எஸ்சி. வழியில் கையில் காசு வர ஐந்து வருடமாவது ஆகும். வீட்டுக்குச் சீக்கிரம் வருமானம் வேண்டுமென்றால் பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கட்டும். வேலை பார்த்துக்கொண்டே மேலே போகலாம்.

காலேஜ் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். லேபைக் காட்டச் சொல்லுங்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் மேல் தூசி படிந்திருந்தால் ஃபீஸ் கட்டாமல் திரும்பிவிடுங்கள். அப்புறம், சனிக்கிழமை அவளை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். மறுபடி நீட் எழுத அவளுக்கே ஆசையா என்று இதுவரை யாருமே கேட்கவில்லை.