களிமண் தோட்டமும் மழைத் தண்ணீரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 40 அடி நீளத்தில் தோட்டம் வைத்திருக்கிறோம். சுத்தக் களிமண். ஐப்பசியில் மழை பிடித்தால் கார்த்திகை முடியும் வரை கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. இரண்டு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை போய்விட்டன. பள்ளம் வெட்டி ஓட்டை போட்ட பைப்பும் ஜல்லியும் போடும் ‘பிரெஞ்ச் டிரெயின்’ முறையை ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கள் மண்ணுக்கு ஒத்துவருமா?
(வாசகி, மேடவாக்கம்)

பதில்: ஒத்துவரும். ஆனால் வீடியோவில் காட்டியதை அப்படியே செய்யாதீர்கள், அவர்கள் மண் வேறு, நம் மண் வேறு.

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால், தெரிந்த கொத்தனாரிடம் டியூப் லெவலை ஒரு மணி நேரம் கடன் வாங்குங்கள். தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரியும் அந்த பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனையைத் தோட்டத்தின் பள்ளமான மூலையிலும் மறுமுனையைத் தெருவின் மழைநீர் வடிகாலிலும் பிடித்தால், எது மேடு எது பள்ளம் என்று விரல்கடை சுத்தமாகத் தெரிந்துவிடும். நீங்கள் வெட்டப்போகும் பள்ளத்தின் அடி, வடிகாலில் மழைக்காலத்தில் ஓடும் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் தோண்டுகிறவர்கள்தான் அதிகம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி ரோடு போட்டதில், சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குத் தெருவிலிருந்து படி இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. என் சித்தி வீடும் அப்படித்தான். ஆள் வைத்து, செலவு செய்து, பைப் போட்டு வடிகாலில் சேர்த்தார்கள். முதல் பெருமழை அன்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால், ஜல்லிக்கு நடுவிலிருந்து கலங்கல் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு மேலே வருகிறது. தெருத் தண்ணீர் அத்தனையும் அதே பைப் வழியாகத் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. சித்தி அழுதுவிட்டார்.

உங்கள் வீடும் தாழ்வாக இருந்தால், பள்ளம் முடியும் இடத்தில் மூன்று சிமெண்ட் உறை இறக்கித் தொட்டி மாதிரி செய்து, தண்ணீர் ஏறினால் தானே ஓடும் மிதவை சுவிட்ச் வைத்த சின்ன மோட்டாரைப் போடுங்கள். அடைமழையில் கரண்ட் போகும், அதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். தொட்டியின் வாயைக் கொசுவலைக் கம்பி போட்டு இறுக்கி மூடுங்கள், டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடாதீர்கள். உங்கள் தோட்டம் வடியும், ஆனால் பக்கத்து வீட்டுக் குளியலறையில் சாக்கடை பொங்கும்.

இப்போது களிமண்ணுக்கு வருவோம். களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சின்னது. துகள்களுக்கு இடையில் தண்ணீர் நகரவே இடம் இல்லாததால், நீங்கள் வெட்டும் பள்ளம் இரண்டு பக்கமும் சில அடி தூரத்துக்குத்தான் மண்ணை வடிக்கும், அதுவும் மெதுவாக. தோட்டம் அகலமாக இருந்தால் 10, 15 அடிக்கு ஒன்றாகக் கிளைப் பள்ளங்கள் வேண்டியிருக்கும். ஆக, களிமண்ணில் இந்த அமைப்பின் முக்கிய வேலை, மேலாக ஓடிவரும் மழைத்தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோவது. அதனால் ஜல்லி தரைமட்டம் வரை இருக்க வேண்டும். வீடியோக்களில் மேலே மண் போட்டுப் புல் வளர்க்கிறார்களே, மணற்பாங்கான மண்ணில் அது நடக்கும். நம் களிமண்ணை மேலே போட்டால் பானைக்கு மூடி போட்ட மாதிரிதான். தோட்டத் தரையையும் பள்ளத்தை நோக்கிக் கொஞ்சம் சரிவாகச் சீவிவிடுங்கள்.

அளவு சொல்கிறேன். ஒரு அடி அகலம். தொடங்கும் இடத்தில் ஒன்றரை அடி ஆழம், 100 அடிக்கு ஒரு அடி என்ற வாட்டத்தில் போனால் 40 அடி முடியும்போது இன்னும் 5 அங்குலம் இறங்கியிருக்கும். பத்தடிக்கு ஒருமுறை டியூப் லெவல் பிடித்துச் சரிபாருங்கள், நடுவில் ஒரு இடம் குழிந்தாலும் அங்கே சேறு தங்கும். பள்ளம் முழுக்க, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரியுங்கள், கம்பளி மாதிரித் தொட்டால் மெத்தென்று இருக்கும் நெய்யாத ரகம். பழைய சேலை, சணல் சாக்கு எல்லாம் மக்கிப்போகும். துணியின் மேல் இரண்டு அங்குலம் ஜல்லி, அதன் மேல் துளை போட்ட 4 அங்குல பிவிசி பைப், துளைகள் கீழே பார்த்து இருக்க வேண்டும். தண்ணீர் மேலிருந்துதானே வருகிறது என்று பலர் துளையை மேலே வைத்துவிடுகிறார்கள். பள்ளத்துக்குள் தண்ணீர் அடியிலிருந்து நிரம்பிக்கொண்டு வரும், அடித்துளை இருந்தால்தான் உடனே உள்ளே போகும். கையால் துளை போட முடியாவிட்டால் போர்வெல் கடையில் கீறல் போட்ட ஃபில்டர் பைப் கேளுங்கள்.

ஜல்லி 20 மில்லிமீட்டர், அதாவது முக்கால் ஜல்லி. உங்களுக்கு முக்கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) போதும். லாரியில் வந்ததை அப்படியே கொட்டாமல் ஹோஸ் பிடித்துக் கழுவுங்கள். கிரஷர் தூசி சாம்பல் நிறத்தில் வழிந்து ஓடும், அந்தத் தூசிதான் துணியை அடைக்கும். ஜல்லி முக்காலே மூணுவீசம் நிரம்பியதும் துணியை இரண்டு பக்கமிருந்தும் மடித்து மூடி, அதன் மேல் மறுபடி இரண்டு அங்குலம் ஜல்லி. பின்னாளில் வண்டல் படிந்தால் அந்த மேல் ஜல்லியை மட்டும் அள்ளிக் கழுவிப் போட்டால் ஆயிற்று.

வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி வெட்டுங்கள். களிமண் காய்ந்தால் சுருங்கும், அஸ்திவாரத்தை ஒட்டி மண் சுருங்கினால் சுவர் விரிசல் விடும். இப்போது ஈரத்தில் வெட்டவும் வேண்டாம். ஈரக் களியில் மண்வெட்டி இறங்கினால் பள்ளத்தின் சுவர் பூசி மெழுகினது மாதிரி பளபளவென்று ஆகி, இருக்கிற கொஞ்சநஞ்ச துவாரமும் அடைபட்டுவிடும். மாசி, பங்குனியில் வெட்டுங்கள்.

அப்புறம், மொட்டைமாடித் தண்ணீர் எங்கே விழுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் இறங்கும். அது தோட்டத்தில் விழுந்தால் எந்தப் பைப்பாலும் தாங்க முடியாது. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நிறைய வீடுகளில் மூன்றடிக் குழி வெட்டி ஜல்லி நிரப்பினார்கள். களிமண்ணில் அந்தக் குழி உறிஞ்சாது. களியைத் தாண்டி மணலோ சிதைந்த பாறையோ வரும் வரை துளை இறக்கி, மாடித் தண்ணீரை வடிகட்டி விட வேண்டும். முதலில் இதைச் செய்து ஒரு மழை பாருங்கள். பள்ளமே தேவைப்படாமலும் போகலாம்.

கேள்வி: களிமண்ணில் ஆற்று மணலைக் கலந்தால் தண்ணீர் வடியுமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: வேண்டாம். கொஞ்சமாகக் கலந்த மணலின் இடைவெளிகளைக் களி அடைத்துக்கொண்டு, காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகிவிடும். மக்கிய எருவும் இலைதழையும் வருஷம் தவறாமல் போடுங்கள். ஜிப்சம் எல்லாக் களிமண்ணுக்கும் மருந்தில்லை, மண்ணில் சோடியம் அதிகமிருந்தால்தான் வேலை செய்யும். மண் பரிசோதனை செய்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ‘பிரெஞ்ச் டிரெயின்’ என்கிறார்களே, இது பிரான்ஸ் நாட்டு முறையா?
(வாசகர், மதுரை)

பதில்: இல்லை. ஹென்றி பிளாக் பிரெஞ்ச் என்ற அமெரிக்கரின் பெயர் அது. வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர், விவசாயத்தில் அத்தனை ஈடுபாடு. நிலத்தில் நீர் வடிப்பது பற்றி 1859-இல் ஒரு புத்தகமே எழுதினார். வாஷிங்டனில் உட்கார்ந்த நிலையில் லிங்கன் சிலை இருக்கிறதே, அதை வடித்த சிற்பி டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் அவருடைய மகன்.

கேள்வி: எங்கள் வீட்டைச் சுற்றி நெல் வயல். மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் கொல்லை சொதசொதவென்று இருக்கிறது. நாங்களும் பைப் போடலாமா?
(வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: மழையில்லாத நாளில் இரண்டடிக் குழி ஒன்று வெட்டித் தகரம் போட்டு மூடிவையுங்கள். மறுநாள் காலையில் குழிக்குள் தண்ணீர் ஊறி நின்றால், வயலின் நீர்மட்டமே உங்கள் கொல்லைக்கும் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சுற்றுவயல் வடியாமல் உங்கள் பைப் மட்டும் வடிக்காது, பணத்தை வீணாக்காதீர்கள். நன்செய்யில் வாழை வைக்கிறவர்கள் செய்வதையே செய்யுங்கள். இரண்டடி அகலத்தில் வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணை இரண்டு பக்கமும் போட்டு ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். கத்தரி, மிளகாய், முருங்கை எல்லாம் மேட்டில். வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் சேம்பு, பொன்னாங்கண்ணி, வல்லாரை நன்றாக வரும். பப்பாளியை மட்டும் இருப்பதிலேயே உயரமான இடத்தில் வையுங்கள், வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே அது தாங்காது.