விரல் நீட்டினா உயிர் போகுமா?

கேள்வி: மடகாஸ்கர் மழைக்காட்டுல 'அய்-அய்'னு ஒரு ராத்திரிப் பிராணி இருக்காம், அது யாரைப் பாத்து நடுவிரலை நீட்டுதோ அவங்க செத்துடுவாங்கன்னு ஒரு வீடியோல சொன்னாங்க. படத்தைப் பாத்தாலே குலை நடுங்குது. இந்த சனியனை எல்லாம் எதுக்கு சார் பாதுகாக்கணும்? - ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அது விரல் நீட்டி செத்தவங்க லிஸ்ட் ஏதாவது இருந்தா அனுப்புங்க, போட்டுடறேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தலைகீழ்தான். அங்க சில கிராமங்கள்ல இதைக் கண்டாலே அபசகுனம்னு அடிச்சுக் கொன்னு ரோட்டோரமா கம்புல மாட்டி வச்சுடுவாங்க, போறவன் வர்றவன் எவனாவது அந்தப் பீடையைத் தூக்கிட்டுப் போகட்டும்னு. யாரு யாரைப் பாத்து நடுங்கணும் சொல்லுங்க.

அந்த விரல் சாபம் விட வந்ததில்ல சார், சோத்துக்கு வந்தது. தேங்கா வாங்கும்போது நாம தட்டிப் பாக்கறோம்ல, அதே வேலைதான். குச்சி மாதிரி மெலிஞ்ச நடுவிரலால மரப்பட்டை மேல நொடிக்கு 8 தட்டு வரைக்கும் தட்டிக்கிட்டே போகும், அந்த வவ்வால் காதை முன்னால மடக்கி வச்சுக்கிட்டு கேக்கும், உள்ள புழு குடைஞ்ச பொந்து இருந்தா சத்தம் மாறும், உடனே முன்பல்லால கட்டையைக் கடிச்சு ஓட்டை போட்டு அதே விரலை விட்டு புழுவைக் கொக்கி போட்டு இழுத்துடும். முன்பல்லு எலிக்கு மாதிரி வளந்துக்கிட்டே இருக்கும், விரலோட அடி மூட்டு நம்ம தோள்பட்டை மாதிரி பந்துக்கிண்ண மூட்டு, எந்தப் பக்கம் வேணா சுத்தும். மடகாஸ்கர்ல மரங்கொத்தியே கிடையாது, அந்த வேலை காலியா கிடந்துச்சு, இது எடுத்துக்கிச்சு அவ்வளவுதான். தேங்காயையும் விடாது, ஓட்டை போட்டு வழிச்சுத் தின்னும், தோட்டக்காரங்க கோவத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மத்தபடி பரம சாது. எடை ரெண்டரை கிலோதான், ஆனா ராத்திரில நடமாடற குரங்கு வகையறாவுலயே இதுதான் பெருசு. பகல் பூரா உசரமான மரக்கிளைக் கவட்டையில இலையும் குச்சியும் சேத்துக் கட்டின உருண்டைக் கூட்டுல தூங்கும், இன்னைக்கு இது படுத்த கூட்டுல நாளைக்கு வேற ஒண்ணு வந்து படுக்கும், நம்ம லாட்ஜ் மாதிரி. ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி, அதுவும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. அதனால ஊருக்கு ஒண்ணு ரெண்டு அடிச்சாலே ஈடுகட்ட முடியாது, காடும் வேற அழிஞ்சுக்கிட்டே வருது.

இதை வெளி உலகத்துக்கு முதல்ல எழுதிச் சொன்னவர் பியர் சொனராங்கற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர், 1782ல. நம்ம புதுச்சேரிக்கும் வந்து போன ஆளு, நம்ம சாம்பல் காட்டுக்கோழிக்கு அறிவியல் பேரு இவரை வச்சுத்தான். அதுக்கப்புறம் 1788ல இதை அணில் வகையில சேத்துட்டாங்க (பல்லைப் பாத்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க, பாவம்), குரங்கு இனம்னு அடிச்சு சொல்ல 1860கள்ல ரிச்சர்ட் ஓவன்ங்கற இங்கிலாந்து உடற்கூறு நிபுணர் வர வேண்டியிருந்துச்சு. 1930கள்ல அழிஞ்சே போச்சுன்னு நினைச்சாங்க, 1957ல மறுபடி கண்ணுல பட்டுச்சு, 1966ல 9 உருப்படியைப் பிடிச்சு நோசி மங்காபேங்கற குட்டித் தீவுல கொண்டு விட்டாங்க.

கடைசியா ஒண்ணு, திண்டுக்கல்லுல உக்காந்துக்கிட்டு நீங்க இதைக் கேட்டதுதான் எனக்குத் தாங்கல. உங்க மாவட்டத்துலயும் கரூர்லயும் சேத்து 2022ல 11,806 ஹெக்டேர்ல கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்திருக்கு, இந்தியாவுலயே தேவாங்குக்குன்னு முதல் சரணாலயம். அந்த முட்டைக்கண்ணையும் மருந்துன்னும் மாந்திரீகம்னும் பிடிச்சு வித்தவங்கதான் நாம, 'தேவாங்கு மாதிரி முழிக்காதே'ன்னு பிள்ளைங்களைத் திட்டறதை இன்னும் விடல.

ஆனா அந்த விரல் விஷயத்துல ஒரு எச்சரிக்கை உண்டு. அது மூக்கு நோண்டுதுன்னு 2022ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. 8 சென்டிமீட்டர் விரல் முழுசா உள்ள போகுது, ஸ்கேன்ல பாத்தா தொண்டை வரைக்கும் எட்டுது, வெளிய எடுத்து நக்கிக்கவும் செய்யுது. அந்தக் காரணத்துக்காக தள்ளி நிக்கறேன்னா சரி, ஒத்துக்கறேன்.