இரண்டு வகுப்பு இறக்க உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள்

வணக்கம். கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்த மகனை, நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைவு என்று நகரப் பள்ளி மூன்றாம் வகுப்பில் போடச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இப்படி வந்த பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு சிறுமி, 305-இல் 128 போனால் எவ்வளவு என்று வாயால் கேட்டால் 177 என்று பட்டென்று சொல்வாள். தாளில் ‘வேறுபாடு காண்க’ என்றிருந்தால் வெறுமனே விட்டுவிடுவாள். கழித்தல் தெரியும், அந்தச் சொல்தான் புதுசு.

ஊர் மாறிய மாதங்களில் பின்னம் நடத்தியிருந்தால் அங்கே மட்டும் ஓட்டை இருக்கும். அதை அடைக்கத் தினமும் ஒரு மணி நேரம், சில வாரங்கள் உட்கார்ந்தால் பெரும்பாலும் போதும். அதற்காக இரண்டு வருடத்தைத் தொலைப்பதா? தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரும் பையனுக்குப் பள்ளியே வெறுத்துப்போகும். பேச்சு வழக்கைக் கேட்டுச் சிரிப்பவர்கள் வேறு இருப்பார்கள்.

பழைய நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய், வாய்மொழியாக மறுதேர்வு கேளுங்கள். அப்புறம், மூன்று மாதம் ஐந்தாம் வகுப்பிலேயே வைத்துப் பார்க்கும்படி எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 28-ஆம் பிரிவில், கல்வியில் சம வாய்ப்பு என்றே சொல்கிறது. கடிதத்தில் அதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

எந்தப் பாடத்தில் மதிப்பெண் போனது? தாள் கைக்கு வந்ததும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.