அந்தமானில் கடல் வற்றும் நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிப்ரவரியில் குடும்பத்தோடு ஐந்து நாள் அந்தமான் போகிறோம். ஹேவ்லாக் தீவில் கடலோர விடுதி பார்த்து வைத்திருக்கிறோம். ஆனால் போய்வந்த உறவினர், "அறைக்கு எதிரே கடலே இல்லை, வெறும் கல்லும் சேறும்தான். படத்தைப் பார்த்து ஏமாந்தோம்" என்கிறார். உண்மையா? நீல் தீவையும் சேர்க்கலாமா?

வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

உறவினர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது வற்றம். அங்கே கடல் தினமும் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். இடைவெளி ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். மறுநாள் அதே ஏற்றம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். ஹேவ்லாக்கில் விடுதிகள் நிறைந்த கிழக்குக் கரை, சரிவே இல்லாத தட்டைத் தரை. கொஞ்சம் வற்றினாலே கடல் வெகுதூரம் போய்விடும், செத்த பவளம் மேலே தெரியும். வெறுங்காலோடு நடந்தால் கிழித்துவிடும். ரப்பர் செருப்பு அவசியம்.

குளிக்க மேற்கே ராதாநகர் கடற்கரைக்குப் போங்கள். அது மணல் சரிவு, வற்றத்திலும் தண்ணீர் இருக்கும். நாலு மணிக்குள் போய்விட வேண்டும். பிப்ரவரியில் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும், சென்னையைவிட முக்கால் மணி முந்தி. தீவு அவ்வளவு கிழக்கே கிடக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையது. மதுரை நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

நீல் தீவைக் கட்டாயம் சேருங்கள். உறவினர் திட்டிய அதே வற்றம்தான் அங்கே விசேஷம். லட்சுமண்பூரின் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு அப்போதுதான் நடந்து போக முடியும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நண்டும் கடல் அட்டையும் கிடக்கும். கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் இருக்கிறது, பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.

ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் ஒன்று, கடைசி இரவு போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). காற்று அடித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது. காற்று உருளையோடு கடலடியில் முங்கும் ஸ்கூபா செய்தாலும் விமானம் ஏறுமுன் 18 மணி நேரம் விடுவது நல்லது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும். 2018-இல் பெயர்கள் மாறியதால் கப்பல் டிக்கெட்டில் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று இருக்கும். முறையே ஹேவ்லாக், நீல்தான்.

பிள்ளைகள் பையில் பவளத்துண்டு, சங்கு சேராமல் பாருங்கள். விமான நிலையச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.