மிளகு போன ஊருக்கு மகள் போகிறாள்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. சென்னையில் பி.இ. முடித்துவிட்டு, கல்விக் கடன் வாங்கி, ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரில் சிவில் இன்ஜினியரிங் முதுகலை படிக்கிறாள். போன டிசம்பரில் உடன் படிப்பவர்களோடு பிராக் நகரத்துக்குப் போய்வந்து அறுபது படங்கள் அனுப்பினாள். எல்லாவற்றிலும் இவர்கள் முகம்தான். பின்னால் தெரிகிற கோபுரம் என்ன என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. இப்போது வகுப்பில்லாத வாரம் ஒன்று மே மாதக் கடைசியில் வருகிறதாம். நான்கு நாள் ரோம் போகப் போகிறேன் என்கிறாள். மொத்தம் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் பையன்கள். பகுதி நேர வேலையில் சேர்த்த பணம்தான் என்கிறாள். 'படிக்க அனுப்பினோமா, ஊர் சுற்ற அனுப்பினோமா?' என்று என் கணவர் கோபப்படுகிறார். எனக்குப் பயம்தான் அதிகம். போக விடலாமா?
வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகட்டும். முதலிலேயே இதைச் சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன்; அவள் அனுமதி கேட்டதாக எங்கும் இல்லை, போகப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு தூரத்தில் இருக்கிற பெண், நான்கு நாள் எங்கே போய்வந்தாள் என்பதை வீட்டுக்குத் தெரிவிக்காமலே இருந்துவிட முடியும். அப்படிச் செய்யாமல், யார் யார் வருகிறார்கள், யாருடைய பணம் என்பது வரை உங்களிடம் சொல்லியிருக்கிறாள். இந்த நல்ல வழக்கத்தைக் கெடுத்துவிடாதீர்கள். இப்போது தடுத்தால் அடுத்த முறை பயணம் நிற்காது. உங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகும்.

உங்கள் கணவரின் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தவணை கட்டுவது படிப்பு முடிந்த பிறகுதான் என்றாலும் வட்டி இன்றைக்கே ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கவலையோடு படுக்கப் போகிறவருக்கு ரோம் என்ற பெயரே எரிச்சலைத் தரும். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்ட் என்ற கணக்கில் ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்டுகிறார்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டியிருக்க, அதில் மிச்சம் பிடித்து ஊர் பார்ப்பது கடினம். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வரை வேலை செய்ய அங்கே சட்டம் இடம் தருகிறது. ஆகவே அவள் சொல்வது பொருந்துகிறது. 'இதற்கு மேல் போகாது' என்று ஒரு தொகையை அவளையே சொல்லச் சொல்லுங்கள். அதோடு பணப் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

படிக்கவா, ஊர் சுற்றவா என்ற கேள்விக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலாக் குழுவோடு ரோம் போயிருந்தேன். இரண்டு நாளில் பதினோரு இடங்கள். இன்று கண்ணை மூடினால் அவற்றில் ஒன்றுதான் முழுதாக எழுந்து வருகிறது: பாந்தியன் கோயில், அதுவும் அன்று மழை பெய்ததால். மன்னர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்த அந்தக் குவிமாடத்தின் உச்சியில் எட்டு, ஒன்பது மீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு திறப்பு இருக்கிறது. கண்ணாடியோ மூடியோ கிடையாது. மழை அதன் வழியே நேராக உள்ளே இறங்கியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்னைத் தொட்டுத் தரையைக் காட்டினார். பளிங்குத் தரை நடுவில் தெரிந்தும் தெரியாமலும் மேடிட்டிருந்தது. அங்கங்கே சின்னச் சின்ன ஓட்டைகள். விழுந்த தண்ணீர் தேங்காமல் அவற்றுக்குள் வடிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் தெருத் தண்ணீர் எப்போது வடியும் என்று வாசலில் நின்று பார்க்கிற ஊரிலிருந்து போன எனக்கு, அந்த இடத்தை விட்டு நகர மனமே வரவில்லை.

அந்தக் குவிமாடத்தின் விட்டம் சுமார் 43 மீட்டர். தரையிலிருந்து உச்சித் திறப்பு வரை உயரமும் அதே அளவு. நம் கணக்கில் பதினான்கு மாடி. முழுவதும் கான்கிரீட், உள்ளே ஒரு கம்பிகூட இல்லை. கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை உலகிலேயே பெரியது அதுதான். சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்து, அடியில் கனமான கல்லையும் மேலே போகப் போக லேசான கல்லையும் உச்சியில் தண்ணீரில் மிதக்கிற நுரைக்கல்லையும் சேர்த்திருக்கிறார்கள்; அடியில் ஆறு மீட்டர் இருக்கிற கனம் உச்சிக்குப் போவதற்குள் ஒன்றேகால் மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எடையை எங்கே வைப்பது, எங்கே குறைப்பது என்பதுதானே அவள் படிக்கிற படிப்பு? 2023இல் அந்தக் கோயிலுக்கு ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். அந்தக் குவிமாடத்தின் கீழ் ஒரு மணி நேரம் நிற்பது அவளுடைய பாடத்தின் ஒரு பகுதி என்று உங்கள் கணவரிடம் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

பிராக் படங்களைப் பற்றி நீங்கள் வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து பேராகப் போகும்போது ஒருவர் நின்று பார்த்தால் நான்கு பேர் காத்திருக்க வேண்டும். அந்தக் கூச்சத்திலேயே படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடிவிடுவார்கள். தேடிப் போக ஏதாவது ஒன்று கையில் இருந்தால்தான் கால் நிற்கும். அதை நீங்கள் அவளுக்குக் கொடுத்து அனுப்பலாம்.

மிளகைக் கொடுத்து அனுப்புங்கள் என்பேன். ரோமின் பழைய அங்காடித் திடலான போரம் என்ற இடத்தில், மாக்சென்டியஸ் மன்னர் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய பெரிய மண்டபத்தின் மூன்று வளைவுகள் இன்னும் நிற்கின்றன. அந்த மண்டபம் எழுவதற்கு முன்னால் அதே இடத்தில், டொமீஷியன் என்ற மன்னர் 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. மிளகு போனது முசிறியிலிருந்து, அதாவது அன்றைய சேர நாட்டிலிருந்து. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. பொன் போகிறதே என்று ரோமில் புலம்பியவர்களும் உண்டு. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசுகளை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று அந்தக் காலத்து ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பாடலை அவளுக்கு நீங்கள் தொலைபேசியிலேயே படித்துக் காட்டுங்கள். அந்த மூன்று வளைவுகளுக்கு முன்னால் போய் நிற்கும்போது, நம் வீட்டு ரசத்தில் போடுகிற பொருளுக்காக இங்கே ஒரு கிடங்கே கட்டினார்கள் என்று நண்பர்களிடம் அவளே சொல்லுவாள். அப்போது அந்த நான்கு பேரும் நின்று கேட்பார்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் தங்கும் அனுமதி இருக்கிறவர்கள் மற்ற ஷெங்கன் நாடுகளில் (பொது விசா வைத்திருக்கிற ஐரோப்பிய நாடுகள், இத்தாலியும் அதில் ஒன்று) 180 நாளில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் போய்வரலாம். பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதி அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், அட்டையின் காலாவதித் தேதியை டிக்கெட் எடுப்பதற்கு முன் அவள் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கொலோசியம் என்ற பழைய வட்டரங்குக்கு நேரம் குறித்து, பெயர் போட்டுத்தான் டிக்கெட் தருவார்கள். முன்கூட்டியே அதிகாரபூர்வ இணையதளத்தில் எடுத்துவிடட்டும். 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு அங்கே இருக்கிற இரண்டு யூரோ சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டுமே. ஜெர்மனியில் படிக்கிற காரணத்தால் அவளுக்குக் கிடைக்காது. ரோமில் நீங்கள் அஞ்ச வேண்டியது பிக்பாக்கெட்காரர்களுக்குத்தான். டெர்மினி ரயில் நிலையத்திலும் கூட்டமான பேருந்துகளிலும் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, பாஸ்போர்ட்டை உள்பையில் வைத்துக்கொள்ளட்டும். குடிக்கிற தண்ணீர் தெருக் குழாய்களிலேயே இலவசமாக வந்துகொண்டிருக்கும், பாட்டில் ஒன்று இருந்தால் போதும்.

இரண்டு பையன்கள் வருவதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். கடிதத்தின் பாரம் அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர்கள் இரண்டு ஆண்டுகளாக அவளோடு ஒரே ஆய்வகத்தில், ஒரே சமையலறையில் புழங்குகிறவர்களாகக்கூட இருக்கலாம். அவர்களுடைய பெயரைக் கேளுங்கள், எந்த ஊர், என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை விசாரிப்பது போல விசாரியுங்கள், போலீஸ் விசாரணையாக வேண்டாம். தங்கும் இடத்தின் முகவரியும், ஐந்து பேரில் ஒருவருடைய எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். இது கேட்கத் தாய்க்கு உரிமை உண்டு.

இன்னொன்று. மே மாதத்தில் ரோம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அவர்கள் இரவுச் சாப்பாடு முடித்து அறைக்குத் திரும்புகிற பதினொரு மணி, மாம்பலத்தில் விடிகாலை இரண்டரை. அதுவரை போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்காதீர்கள். 'வந்துவிட்டேன்' என்று அவள் ஒரு வரி போட்டால் காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம். பகலில் ஒரு மணிக்கு ஒரு தரம் எங்கே இருக்கிறாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த வளைவைப் பார்த்தாயா, தரையில் ஓட்டை இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

அவள் போகிற அதே வாரத்தில் நீங்களும் உங்கள் கணவரும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். நாணயப் பிரிவில், தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகள் இருக்கின்றன, மன்னர்களின் முகம் பதித்தவை. படமெடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, இருந்தால் ஒன்றை எடுத்து அவளுக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மற்ற நாளாகப் பார்த்துப் போங்கள்.