பூச்சி பரப்பும் வைரஸ் கோதுமையையும் பார்லியையும் எப்படிக் குட்டையாக்குகிறது?

வைரஸால் தானாக நகரவோ இலையைத் துளைக்கவோ முடியாது. அதற்கு ஒரு வண்டி வேண்டும். 1951இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட பார்லி மஞ்சள் குட்டை வைரஸுக்கு அந்த வண்டி அசுவினி, அதாவது செடிப்பேன். டெங்குவுக்குக் கொசு மாதிரி. நோயுற்ற பயிரில் சாறு உறிஞ்சும்போது பூச்சியின் குடலுக்குப் போகும் வைரஸ், உமிழ்நீர் வழியே அடுத்த பயிருக்குள் இறங்குகிறது. அங்கே இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை கொண்டுபோகும் குழாய்களையே கெடுத்துவிடும். சர்க்கரை இலையில் தேங்கி நுனி மஞ்சளாகும், வேர் பட்டினி கிடக்கும். பயிர் குட்டையாவது இதனால்தான். நல்லவேளை, விதை வழியே இது பரவாது.

நீலகிரியில் கோதுமை நோய் என்றதும் வெலிங்டன் ஆய்வு நிலையம் ஆராயும், பூஞ்சையால் வரும் துருநோய்தான் நினைவுக்கு வரும். மஞ்சளைப் பார்த்ததும் துரு என்று பூஞ்சைக்கொல்லி அடித்துவிடாதீர்கள்: துருவென்றால் தேய்த்த விரலில் பொடி ஒட்டும், வைரஸென்றால் ஒட்டாது, பூஞ்சைக்கொல்லிக்குக் கட்டுப்படவும் செய்யாது.