மகனை ஏன் வெளியே அனுப்பினீர்கள்?

கேள்வி: பள்ளியில் கீபோர்டு ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால் சொந்தமாக இசையமைக்கத் தெம்பில்லை. 9 வயது மகனைக்கூட வேறொருவரின் வகுப்பில் சேர்த்துவிட்டேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கும் லைப்சிக் நகரில் வாத்தியார் வேலையில் நொந்துதானே போனார்? வேலையை விட்டுவிடலாமா?

பதில்: நொந்துதான் போனார். 1730 ஆகஸ்டில் நகர மன்றத்துக்குக் கொடுத்த மனுவில், தான் வேலைபார்த்த தாமஸ் பள்ளிப் பையன்களில் இசைக்கு 17 பேர் தேறுவார்கள், 20 பேர் இனிமேல்தான் தேற வேண்டும், 17 பேர் எதற்கும் உதவ மாட்டார்கள் என்று கணக்கெழுதினார். அக்டோபரில் பழைய நண்பர் எர்ட்மானிடம் வேறு வேலை கேட்டார். ஊரில் சாவு குறைந்து, இறுதிச் சடங்கு இசைக்குக் கிடைக்கும் வரும்படியில் நூறு தாலருக்குமேல் (தாலர் அன்றைய ஜெர்மானிய வெள்ளி நாணயம்) போயிற்றாம். ஆனாலும் 1750இல் கண்மூடும்வரை அதே பதவிதான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேலை அல்ல, போகிறபோக்கில் மகனைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரி. பாக்கும் ஒரு பொறுப்பைக் கைமாற்றினார்: ஆண்டுக்கு 50 தாலர் கொடுத்து லத்தீன் வகுப்பை இன்னொருவரிடம் தள்ளினார். பிள்ளைகளைத் தள்ளவில்லை. வீட்டு ஆட்களை வைத்தே கச்சேரி நடத்த முடியும் என்று எர்ட்மானுக்கு எழுதிய அதே கடிதத்தில் பெருமைப்படுகிறார். தன் வித்தையைப் பெற்ற பிள்ளைக்குத் தருவது தகப்பன் கடமை. அதைக் காசு கொடுத்து வெளியே விட்டது தவறு.

1720 ஜனவரி 22 அன்று, 9 வயது மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்காக பாக் ஒரு நோட்டுத் தொடங்கினார். முதலில் எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று காட்டும் கிளெஃப் குறிகள், பிறகு சுரங்களை அழகுபடுத்தும் அலங்காரங்களின் பட்டியல், அடுத்து விரல் எண்கள் குறித்த சிறு பாடம். இன்று உலகமே வாசிக்கும் 15 இரு குரல் இன்வென்ஷன்கள் (இரு கைகளும் தனித்தனி மெட்டு வாசிக்கும் சிறு உருப்படிகள்) முதலில் இடம்பெற்றது அந்த நோட்டில்தான். இசையமைக்கத் தெம்பில்லை என்கிறீர்களே, அவருக்கு அந்த வேலை பிள்ளையின் பாடத்திலேயே நடந்தது.

மகனை இந்த மாதமே திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விரல் எட்டும் இடத்துக்குள் எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) எழுதுங்கள். முதல் இன்வென்ஷனில் வலது கை சொன்னதை அரை பார் கழித்து இடது கை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே திருப்பிச் சொல்கிறதே, அந்த மாதிரி. விரல் எண்ணை நீங்களே போடுங்கள். ஒவ்வொரு கையும் தனியே தெளியாமல் சேர்த்து வாசிக்க விடாதீர்கள். அவசரப்பட்டால் இடது கை வலது கைக்குப் பின்னால் இழுபடும், இரண்டாம் குரலே காதில் விழாது.